மூன்றாள் காற்று

எங்கள் தீவின் இந்தப் புலாபோக் கரையில் யாரைக் கேட்டாலும், செண்டாங் அக்காவுக்கு வயதான காலத்தில் பறக்கும் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் என் கடைக் கோழியைத் தின்றுகொண்டே சொல்வதால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. அந்தப் பைத்தியம் அவளுக்குக் கல்யாணமான வருஷமே பிடித்துவிட்டது. வெளியே வர இத்தனை காலம் ஆயிற்று. இப்போது அவள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, கடல் கண்ணிலேயே படாத பாஸி என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்காகப் பேச இங்கே நான் ஒருத்திதான் மிச்சம்.

அவள் புருஷன் பிலோ அண்ணனுக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. எங்கள் பக்கத்துப் பராவ். ஒல்லியான உடம்பு, நீலப் பாய், இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல மூங்கில்கள். பொழுது சாயும் நேரத்தில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். பாயும் சுக்கானும் பிலோ அண்ணன் கையில். காற்று ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும், மறுபக்கத்து மூங்கில் தண்ணீரை விட்டு மேலே கிளம்பும். அப்போது யாராவது ஓடிப்போய் அந்த மூங்கில் நுனியில் உட்கார்ந்து அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு குப்புறக் கவிழும். அந்த யாராவதுதான் செண்டாங் அக்கா.

நாங்கள் காற்றை ஆள் கணக்கில்தான் சொல்வோம். மூங்கிலில் ஒருத்தர் உட்கார்ந்தால் போதும் என்றால் ஓராள் காற்று. இரண்டு பேர் வேண்டுமென்றால் இரண்டாள் காற்று. மூன்றாள் காற்று என்றால் விவரம் தெரிந்தவர்கள் படகைக் கட்டிப்போட்டுவிட்டுச் சீட்டாடப் போய்விடுவார்கள். காற்று கூடினால் ஆளைக் கூட்டுவது வழக்கமே தவிர, பாயைக் குறைப்பது கிடையாது. யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட்டினால் மற்றப் படகுகளிலிருந்து குரல் வரும். "என்னப்பா, வீட்ல ஆள் இல்லையா?" இந்தக் கேலியைத் தாங்க முடியாமல் பாயை முழுதாக விரித்துக் கவிழ்ந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

செண்டாங் அக்கா நல்ல பாரி உடம்பு. அவள் ஒருத்தி ஏறினால் இரண்டாள் கணக்கு. பிலோ அண்ணன் அவளை "என் மூட்டை" என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே, "மூட்டை வந்துட்டேன், வண்டியை எடுங்க" என்பாள். சிரித்தாளே தவிர, தான் அந்தப் படகில் ஒரு மூட்டைதான் என்று அவள் மனதார நம்பினாள். எனக்குத் தெரியும். மாங்காய் நறுக்கும்போது மனிதர்கள் பொய் சொல்வதில்லை.

அப்படி ஒரு மத்தியானம், என் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ரகசியத்தைச் சொன்னாள்.

"மூங்கில் மேல எழும்புதுல்ல டெல்ஃபா, அப்போ அது என்னையும் தூக்கிக்கிட்டுதான் எழும்பும். கால்ல தண்ணி படாது. அதுவரைக்கும் காதுல அறையுற தண்ணி டக்குனு அடங்கிடும். ஒரு சத்தம் இருக்காது. நான் உடனே அமுக்க மாட்டேன். கொஞ்சம் விட்டுவெப்பேன்."

"அடிப்பாவி! படகு கவுந்தா?"

"மூச்சு விடுற நேரந்தான். அதுக்குள்ள அவர் கத்திடுவாரு, 'அமுக்குடி மூட்டை, தூங்குறியா'ன்னு."

"நீ என்ன பண்ணுவே?"

"அமுக்குவேன். வேறென்ன?"

சொல்லும்போது அவள் கண் மாங்காயில் இல்லை. எங்கேயோ தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்தது. வாழ்நாள் பூராவும் எழும்புவதை எழும்பவிடாமல் அமுக்குவதே வேலையாகப் போன ஒருத்திக்கு, அந்த மூச்சு நேரம்தான் சொந்தம்.

பிறகு பிலோ அண்ணனுக்குத் தோள் போயிற்று. வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. படகைப் பக்கத்துத் தீவுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மகள் பாஸியிலிருந்து அழைத்தாள். புனித வாரம் முடிந்ததும் கிளம்புவது என்று முடிவாயிற்று. அமிஹான், அதுதான் எங்கள் வாடைக்காற்று, அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது புனித வாரத்தோடு ஓய்ந்துவிடும். அதாவது காற்றும் இவர்களும் ஒன்றாகத்தான் தீவை விட்டுப் போகப்போகிறார்கள்.

"போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை எழும்பிப் பாத்துடணும்" என்றாள் செண்டாங் அக்கா. "அமுக்காம."

எழும்புவதற்குக் கரையில் ஏற்பாடு இருந்தது. வெளியூர்க்காரர்கள் சில வருஷமாகக் கொண்டுவந்திருக்கும் விளையாட்டு. ஒரு பலகை. அதற்கு அடியில் இடுப்புயரக் கால் ஒன்று, கால் நுனியில் மீன் துடுப்பைப் போல ஒரு தட்டை இறக்கை. கையில் காற்றடைத்த பெரிய சிறகு, அதைக் கம்பத்திலோ படகிலோ கட்டுவதில்லை, கையாலேயே பிடிக்க வேண்டும். சிறகு காற்றை வாங்கிப் பலகையை இழுக்கும். வேகம் சேர்ந்ததும் அடியில் இருக்கிற துடுப்பு பலகையை அப்படியே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அலையைத் தொடாமல் மனிதர்கள் போவார்கள், வருவார்கள். காலையில் அடுப்பு மூட்டும்போது நிமிர்ந்து பார்த்தால், விழித்திருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இதைக் கற்றுக்கொடுக்கிறவன் ஜெர்வின், பிலோ அண்ணனின் அக்கா மகன். அவன் கொட்டகையில் ஆறு, ஐந்து, நாலு என்று சதுர மீட்டர் கணக்கில் சிறகுகள் தொங்கும். உடம்பு கனமென்றால் பெரிய சிறகு, காற்று பலமென்றால் சிறிய சிறகு, இரண்டையும் சேர்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் அவன் கறாராகப் பேசுவான். "இன்னைக்கு நாலுதான். வேற கேக்காத." அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. ஆனால் அத்தையிடம் அப்படிப் பேச முடியுமா? எங்கள் ஊரில் மாமன் பெண்டாட்டிக்கு உத்தரவு போட்டவன் அன்றைக்குச் சோறு தின்ன முடியாது.

"அத்தை, காத்து கொஞ்சம் ஏறியிருக்கு..." என்று இழுத்தான் முதல் நாள். "நாலு எடுத்தாக்கூட நல்லாத்தான் இருக்கும்..."

"நாலா? என்னடா, மூக்கு சிந்தவா?"

"இல்ல, ஆறு உங்களைப் பிடிச்சு இழுத்துடும்..."

"என்னையா? டேய், நான் ரெண்டாள்டா. உங்க மாமா எத்தனை பெரிய பாயை விரிச்சப்ப நான் உக்காந்திருக்கேன். எடு ஆறை."

ஆறு அவளைப் பிடித்து இழுத்தது. பலகைமேல் முழங்கால் போட்டு நிமிர்வதற்குள் சிறகின் ஒரு முனை தண்ணீரைக் குத்தியது, மறுமுனை காற்றில் உதறியது. இவள் விடாமல் பிடித்தாள். படகுக்காரி, பிடித்ததை விடத் தெரியாது. அது இவளை முகம் குப்புற இழுத்துக்கொண்டு கரையோரமாகவே போயிற்று. என் கடை நிழற்குடையைச் சாய்த்துவிட்டுப் பாறை முனையில்தான் நின்றது. ஆரஞ்சு நிறச் சிறகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவள் நடந்து திரும்பியதைக் கரையே எழுந்து நின்று பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, குடை போன கோபமும் வந்தது.

அடுத்த தடவை அவள் ஆறைப் பார்த்து, "அது ராட்சசன், எனக்கு வேணாம்" என்று நாலை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஓராள் காற்று, அதுவும் சவலைப்பிள்ளை ஓராள். நாலு அவளைத் தூக்குமா? பலகைமேல் முழங்காலிட்டு, குளத்தில் விட்ட குடம் போல அசைந்து அசைந்து ஒரே இடத்தில் கிடந்தாள். கரையேறியதும் தீர்ப்புச் சொன்னாள். "நாலு எதுக்கும் லாயக்கில்ல. அது ஒல்லிப்பிச்சானுங்களுக்கு." அதோடு சரி. எந்தக் காற்றானாலும் ஆறுதான். ஜெர்வின் தலையைச் சொறிவான், "பாத்துக்கோங்க அத்தை" என்பான். பிள்ளைக்கு அவ்வளவுதான் வாய்.

மென்காற்று நாட்களில் ஆறோடு அவள் நிற்கக் கற்றாள். நீர் நிறைந்திருக்கும் வேளை பார்த்துத்தான் போக வேண்டும், வற்றினால் பலகையின் கால் தரையில் முட்டும். நின்றாள், நகர்ந்தாள், திரும்பக்கூடத் தெரிந்துகொண்டாள். ஆனால் எழும்பவில்லை. சில வேளை பலகை மூக்கைத் தூக்கும். அந்தக் கணமே அவள் பின்னால் சாய்ந்து முழுக் கனத்தையும் போட்டு அமுக்கிவிடுவாள்.

"அத்தை, அமுக்காதீங்க!" என்று ஜெர்வின் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கத்துவான்.

"நான் எங்கடா அமுக்குறேன், உடம்பு அமுக்குது!"

காற்று பலமான நாட்களில் ஆறு அவளைத் தூக்கியெறியும். தோள்பட்டை கன்றிப்போய் வந்து என் கடையில் உட்காருவாள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுப்பேன்.

இத்தனை கூத்துக்கும் பிலோ அண்ணன் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. தினமும் வந்து என் கடையில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடிப்பார். கரையே அவர் பெண்டாட்டியைப் பார்க்கும், அவர் என் அடுப்பைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என் அடுப்புல என்ன சினிமாவா ஓடுது? அங்க பாருங்க அண்ணே."

"பாக்க என்ன இருக்கு."

"பொண்டாட்டி இருக்கா."

"தெரியும்" என்பார். கோப்பையை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார்.

கல்நெஞ்சன் என்று நினைத்தேன். அவளிடமும் சொன்னேன். அவள் ஐஸ் வைத்த தோளை லேசாகக் குலுக்கி, "அவர் என்னை எட்ட இருந்து பாத்ததே இல்ல டெல்ஃபா. எப்பவும் ஒரே படகுலதானே இருந்தோம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு ஏறவில்லை.

மாசி போயிற்று, பங்குனி வந்தது. கடல் கண்ணாடியாகிவிட்டது. அமிஹான் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. செண்டாங் அக்கா கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். பக்கத்தில் ஆறு காற்றிறங்கித் துவண்டு கிடக்கும். வீட்டில் பெட்டிகள் கட்டியாயிற்று. தூக்கத்தில் மூங்கில் எழும்புவதாகக் கனா வருகிறது, ஆனால் கனவிலும் அமுக்கிவிடுகிறேன் என்றாள். கேட்டதும் கோழியைத் திருப்புகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, மந்திரித்த ஓலையை என் கடைக் கம்பத்தில் செருகினேன். கொஞ்ச நேரத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்தேன். கடல் நிறம் மாறியிருந்தது. விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு, வழியனுப்ப வந்த சொந்தக்காரன் மாதிரி அமிஹான் ஒரு கடைசி வரவு வந்திருந்தது. நீரும் நிறைந்திருந்தது.

செண்டாங் அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே ஜெர்வின், ஒரு கையில் ஆறு, ஒரு கையில் நாலு. சண்டை என் கடை வாசலில் நடந்தது.

"அத்தை, உங்க கால்ல விழறேன். இன்னைக்கு மட்டும் நாலு."

"நாலு என்னைத் தூக்காது. பாத்தோம்ல?"

"அன்னைக்குக் காத்தே இல்ல அத்தை!"

"இதான்டா கடைசிக் காத்து. இதுல குடம் மாதிரி மிதந்துட்டு நான் பாஸிக்குப் போகவா? ஆறைக் குடு. நான் பிடிச்சுக்குவேன்."

"மூணாள் காத்து" என்றது ஒரு குரல். பிலோ அண்ணன். திரும்பவில்லை. பிடரியில் படுகிற காற்றை வைத்தே சொன்னார். "அவன் சொல்றதைக் கேளு. நாலை எடு."

இத்தனை மாதத்தில் இந்த விஷயமாக அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. செண்டாங் அக்காவுக்கு முகம் சிவந்தது.

"உங்களுக்கென்ன தெரியும்? எனக்குப் பலம் இருக்கு. நான் ரெண்டாள்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ரெண்டாள்தான். மூங்கில்ல யாரு இருக்கா?"

"என்ன மூங்கில்?"

பிலோ அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதும் என் அடுப்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"நம்ம பொண்ணு பொறந்தப்ப நீ படகுக்கு வரலையே. அப்போ மூங்கிலுக்கு யாரு வந்தா?"

"என் தம்பி. நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். எவனும் வரல. முன்பாயை இறக்கிட்டேன். பெரிய பாயைப் பாதி சுருட்டிக் கட்டிக்கிட்டு ஓட்டுனேன். அத்தனை படகும் கேட்டுச்சு, 'என்ன பிலோ, வீட்ல ஆள் இல்லையா'ன்னு. ஆமா இல்லைன்னேன். நீ காய்ச்சல்ல கெடந்தப்பவும் அப்பிடித்தான். உங்கம்மா சாவுக்குப் போனப்பவும் அப்பிடித்தான்."

"வேற ஆளை ஏத்தியிருக்கலாம்ல?"

"ஏத்தியிருக்கலாம். ஏத்தத் தோணல." கீழே வைத்த கோப்பையை ஒரு சுற்றுத் திருப்பினார். "நீ இல்லாம நான் ஒருநாளும் முழுப் பாயை விரிச்சதில்ல. பிலோ மாதிரி பாய் விரிக்க ஆளில்லைன்னு ஊரு சொல்லும். நீ உக்காந்திருந்தே, அதான் விரிச்சேன். இப்போ நீ தனியாப் போறே. மூங்கில்ல ஆள் இல்ல. பாயைக் குறைச்சுக்கோ, இன்டாய்."

இன்டாய் என்பது எங்கள் பக்கம் செல்லமாக வளர்த்த பெண்ணைக் கூப்பிடுகிற சொல். மூட்டை என்றுதான் அவர் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். செண்டாங் அக்கா ஜெர்வின் கையிலிருந்து நாலை வாங்கிக்கொண்டு, பாவாடையை இடுப்பில் செருகித் தண்ணீருக்குள் நடந்தாள். அத்தனை வருஷம் அந்த மனிதர் இதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரே என்று எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

நாலு அவள் கையில் அடக்கமாக நின்றது. முனை தண்ணீரைக் குத்தவில்லை. முழங்காலிட்டாள், நின்றாள், சிறகைக் காற்றுக்குக் கொடுத்தாள். பலகை நகர்ந்தது. அலைகள் அடியில் தட்டித் தட்டிப் போயின. பிறகு தட்டுவது நின்றது. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

இப்போது அமுக்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஜெர்வின் கத்தக்கூட இல்லை, வாயில் கை வைத்துக்கொண்டான். அவள் உடம்பு பின்னால் சாயப்போனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. சாயவில்லை. அப்படியே நின்றாள். அந்தப் பெரிய உடம்பு, நனைந்த ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு, வெயிலும் நீர்த்தூசியுமாக இருந்த வெளியில் ஒரு முழம் உயரத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கடல் கீழே வேறு யாருடைய கடலோ மாதிரி ஓடியது. நான் கோழியை மறந்தேன், கையில் கிடுக்கியோடு நிற்கிறேன் என்பதையும் மறந்தேன்.

அப்போதுதான் என் கடைக் கூரை ஆடியது. காற்று என்று நினைத்துத் திரும்பினேன். காற்றல்ல. பிலோ அண்ணன் எழுந்து, கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கூரையை இழுத்துக் கட்டிய கயிற்றை நல்ல கையால் பற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, காற்று வரும் பக்கமாக முழு உடம்பையும் தொங்கவிட்டிருந்தார். மூங்கில் நுனியில் உட்கார்ந்து அமுக்குகிறவர்கள் அப்படித்தான் தொங்குவார்கள். பல்லைக் கடித்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கையில்லை. கெட்ட கை பக்கவாட்டில் தொங்கியது. அவள் இறங்குகிற வரைக்கும் அவர் விடவில்லை. என் கூரை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அவள் தண்ணீரில் இறங்கி, சிறகைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்.

"சத்தமே இல்ல" என்றாள் அவரிடம்.

"ம்."

"அமுக்கணும்னு உடம்பு வந்துச்சு. ஏனோ வேணாம்னு விட்டுட்டேன்."

"மூங்கில்ல நான் இருந்தேன்" என்றார் பிலோ அண்ணன். கயிறு அவர் உள்ளங்கையில் சிவப்பாக வரி போட்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் லேசா இருந்துச்சு. உடம்புல என்ன இருக்கு உங்களுக்கு? வெறும் எலும்பு."

பிலோ அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், இந்தத் தடவை கடலைப் பார்த்து. கருகிப்போன கோழியைத் தட்டில் வைத்தேன். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தின்று முடித்துவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு வை, டெல்ஃபா" என்றார்.